மூன்று வயதில் வந்தவள்

குழந்தைகளுக்கென்று ஒரு அறை என்ற எண்ணம் நம் வீடுகளுக்குப் புதிது. பழைய மதுரை வீடுகளில் திண்ணை இருந்தது. பட்டாசாலை, அடுப்படி, புழக்கடை இருந்தன. நெல்லுக்குக் குதிர் இருந்தது. விளக்குக்கு மாடம் இருந்தது. குழந்தைக்கென்று யாரும் சுவர் எழுப்பவில்லை. உத்திரத்தில் ஒரு கயிறு, அதில் ஒரு பழைய நூல்சேலை. அதிலிருந்து இறங்கிய பிறகு வீடு முழுவதும், பிறகு தெரு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பழைய வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடுவது இன்று ஒரு சௌகரியமான தொழிலாகிவிட்டது. அந்த வீடுகளில் பிள்ளை பெற்றவள் எந்த இருட்டு மூலையில் கிடந்தாள் என்பதைப் பெருமூச்சுக்காரர்கள் எழுதுவதில்லை. ஒரு குழந்தைக்கு வீட்டில் இடம் என்பது சுவரால் ஆன விஷயந்தானா என்பதே என் கேள்வி. அது எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பெயிண்ட் வாடையிலிருந்து வந்தது.

நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்னறை அதுவரை புத்தகங்களுக்கு உரியதாக இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்கு ஆறு வாரம் இருக்கையில் அதைக் குழந்தைகள் அறையாக்குவது என்று தீர்மானித்தோம். மூத்தவளுக்கு அப்போது இரண்டே கால் வயது. சிற்றிதழ்க் கட்டுகளில் பாதி பரணுக்கு ஏறின. மீதி நடையில் அடுக்கப்பட்டு, ஏறும் நாளுக்காகக் காத்திருந்தன. அறைச்சுவர் இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. பொருக்கைச் சுரண்டி, பட்டி பார்த்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் எமல்ஷன் இரண்டு கோட்டு என்று பெயிண்டர் கணக்குச் சொன்னார். ஐப்பசி மழை அந்தக் கணக்கைக் கலைத்தது. பட்டி காயவில்லை. குழந்தை காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தபோது பின்னறையில் பிரைமர்கூட முடிந்திருக்கவில்லை.

வீடு இரண்டாகப் பிரிந்தது. முன்பக்கத்தில் சாம்பிராணிப் புகை, வெந்நீர், பூண்டு வதங்கும் மணம், சிசுவின் மணிக்கட்டில் கட்டிய வசம்பு. பின்பக்கத்தில் சுண்ணாம்புத் தூசியும் பெயிண்ட் வாடையும். நடுவில் மூத்தவள். முன்னால் போனால் 'சத்தம் போடாதே'. பின்னால் போனால் 'சுவரைத் தொடாதே'. இரண்டு விலக்குகளுக்கு நடுவே புத்தகக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்த நடை மட்டும் அவளுக்கு மிஞ்சியது. யாருக்காக அறை தயாராகிக்கொண்டிருந்ததோ, அவளுக்கு அந்த ஒரு மாதம் வீட்டில் நிற்க இடமில்லை.

அறையை அலங்கரிக்க வாங்கிய சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. ஒட்டுப் படங்கள்: வெள்ளைக் கரடி, பனிமனிதன், ஊசியிலை மரங்கள். மார்கழி விடியலில் மட்டும் கொஞ்சம் குளிரும் ஒரு ஊரின் சுவருக்கு இத்தனை பனி எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாங்கியதில் எனக்கும் பங்குண்டு. விளாச்சேரியிலிருந்து இரண்டு மண்பொம்மைகளும் இருந்தன. அலமாரியின் மேல்தட்டில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் அவற்றுக்கு இடம் குறித்திருந்தோம். குழந்தைகள் அறையின் அலங்காரம் முழுவதுமே இந்த உயரத்தில்தான் இருக்கிறது. நிற்கும் பெரியவரின் கண்மட்டத்துக்கு அது செய்யப்படுகிறது. தரையில் தவழுகிறவளுக்குச் சுவரின் கீழ் அடியும் கதவின் கீல்மூலையும்தான் உலகம். அங்கே யாரும் எதையும் ஒட்டுவதில்லை. என் மனைவி ஒரே வாக்கியத்தில் இதைத் தீர்த்துவைத்தாள்: "ராத்திரி மூணு மணிக்கு இந்த அறை என்னங்க செய்யும்?"

சிசுவுக்குத் தொட்டில் கட்ட வேண்டும் என்று வந்தபோது, பின்னறையில் தொட்டில் கொக்கி இல்லை என்பது தெரிந்தது. கான்கிரீட் போடும்போதே கம்பியில் வளைத்துவிட வேண்டிய சமாச்சாரம் அது. பின்னால் சேர்ப்பது சிரமம். வீட்டைக் கட்டியவர் கூடத்தில் ஒன்று விட்டிருந்தார். கடைகளில் இரும்புச் சட்டத்தில் வில்லுச்சுருள் வைத்த தொட்டில் கிடைக்கிறது. என் மாமியார் அதைப் பார்க்கவும் மறுத்தார். "கொக்கி இருக்கிற இடந்தான் மாப்ள பிள்ளைக்கு இடம்" என்றார். ஆகவே அறை பின்னால் நிறம் பூண்டுகொண்டிருக்க, குழந்தை கூடத்தின் நட்டநடுவில், வருகிறவர் போகிறவர் எல்லோருடைய தோளும் உரசும் இடத்தில் தொங்கினாள்.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவள் பிறந்தபோது வந்தவர்கள் குழந்தையைப் பார்த்தார்கள். இளையவள் பிறந்தபோது வந்தவர்கள் முதலில் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். "ரெண்டாவதும் பொண்ணா? அதனால என்னப்பா, மகாலட்சுமி" என்றார்கள். அந்த 'அதனால என்ன'வை மூத்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. பெயிண்டர் நல்ல மனிதர், சுத்தமான வேலைக்காரர். பிரசவத்துக்கு முன்பு அவர் நிறத்தைப் பற்றி அவசரப்படவில்லை: "பொறக்கட்டும் சார், பாத்துக்கிட்டு அடிப்போம்." பிறந்தபின் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப புளூவே அடிச்சிருவோம் சார். அடுத்து வர்றவனுக்கு ஆகும்ல" என்றார். கொச்சையாகச் சொல்லவில்லை, அக்கறையோடு சொன்னார். அறையில் கண்முன் இருக்கும் இரண்டு பெண்களுக்கு நடுவே, இன்னும் இல்லாத ஒருவனுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. நான் மஞ்சள் அடிக்கச் சொன்னேன்.

எங்கள் ஊரைத் தாண்டும் தேனிச் சாலை மேற்கே செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிக்குப் போகிறது. மதுரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 1986 ஜூனில் 'இந்தியா டுடே' அந்தப் பகுதியின் பெண்சிசுக் கொலைகளை அட்டைக் கட்டுரையாக வெளியிட்டது. பிறகு 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. கள்ளிப்பால் என்ற சொல் தமிழில் ஒரு செடியின் பாலைக் குறிப்பதை நிறுத்திக்கொண்டது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: ஆபத்து பெரும்பாலும் முதல் பெண்ணுக்கல்ல, அவளுக்குப் பின்னால் வருகிறவளுக்கு. முதல் பெண்ணை வீடு ஏற்றுக்கொண்டது. இரண்டாவதில், மூன்றாவதில் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. நகரத்துக்காரர்களாகிய நாம் ஒரு ஊரின் பெயரைக் குற்றத்தின் பெயராக்கிக்கொண்டு நிம்மதியடைந்தோம். ஆனால் கருவிலேயே பாலைக் கண்டறிவதைத் தடுக்க 1994இல் மத்திய அரசு சட்டம் போட வேண்டி வந்தது கள்ளிச்செடி முளைக்கும் ஊர்களுக்காக அல்ல. 'அடுத்தது பையன்' என்ற அந்த அக்கறையான வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1992இல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாத குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. அதனால் உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அரசு தேர்ந்துகொண்ட படிமத்தை ஒரு எழுத்தாளன் கவனிக்காமல் இருக்க முடியாது. குழந்தையைத் தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து ஆட்டுவதற்கான பொருள், குழந்தையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதற்கான பொருளாயிற்று.

இதே மதுரைதான் ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு பெண்ணுக்கு முடிசூட்டுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியன் வேள்வி செய்வது மகனுக்காக. தீயிலிருந்து வருவது பெண். அதிலும் மூன்று முலைகளோடு. அரசன் வருந்துகிறான். மகனைப் போல வளர்த்து முடிசூட்டு என்று வானிலிருந்து குரல் சொல்லவேண்டியிருக்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பல வருஷம் கவனிக்காமல் கடந்துபோன விவரம் ஒன்று உண்டு. தீயிலிருந்து வரும்போது அவளுக்கு வயது மூன்று. தொட்டிலில் கிடந்ததில்லை, தவழ்ந்ததில்லை. ஒரு வீட்டில் பெண் சிசுவாக இருக்கவேண்டிய அந்த முதல் மாதங்களை, ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கும் மாதங்களை, புராணம் அவளுக்குத் தரவில்லை. தாண்டிப் பிழைத்தவளாக அவள் வருகிறாள்.

அந்த மாதங்களைத் தந்தவர் 17-ஆம் நூற்றாண்டின் குமரகுருபரர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றினார் என்பதும், அம்மையே சிறுமியாக வந்து அரசர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்பதும் மதுரையின் ஐதீகம். ஐதீகத்தை விட்டுவிடுவோம். பிள்ளைத்தமிழ் இலக்கணம் மூன்றாம் மாதத்திலிருந்து 21-ஆம் மாதம் வரையிலான வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பகுக்கிறது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, பெண்பாலுக்குக் கடைசி மூன்றும் வேறு. அதாவது மூன்று வயதில் வந்தவளுக்குக் கிடைக்காமல் போன அத்தனை மாதங்களும். தொட்டிலில் கிடக்காத தெய்வத்துக்கு ஒரு கவிஞர் தாலாட்டுப் பருவம் பாடினார். மேனாட்டில் பிலிப் ஆரியே 1960இல் ஒரு நூல் எழுதி, இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற பிரக்ஞையே இல்லை என்றார். பெரும் விவாதம் நடந்தது. தமிழில் 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனுக்கே பிள்ளைத்தமிழ் பாடியாகிவிட்டது என்று இங்கே யாரேனும் மார்தட்டலாம். தட்டவேண்டாம். அரசனுக்கும் தெய்வத்துக்கும் மாதக்கணக்கில் பருவம் பிரித்த மொழி, வீட்டில் கிடக்கும் இரண்டாவது பெண்ணுக்கு 'அதனால என்ன' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

முதற்பருவத்துக்கு ஒரு விதி இருக்கிறது. காப்பில் தெய்வங்களைக் குழந்தையைக் காக்கும்படி வேண்டும்போது அவர்களுடைய கொலைத்தொழிலைச் சொல்லக்கூடாது. அசுரனைக் கிழித்ததும் புரம் எரித்ததும் சிசுவின் காதில் விழக்கூடாது. இதை நயமான சம்பிரதாயம் என்றுதான் முன்பு வாசித்திருந்தேன். தேனிச் சாலை ஓரத்தில், கூடத்துக் கொக்கியின் கீழே உட்கார்ந்து வாசிக்கையில் அது சம்பிரதாயமாகத் தெரியவில்லை. குழந்தைக்கு முதலில் தரவேண்டிய இடம் எதுவென்று யாரோ அறிந்து வைத்த விதியாகத் தெரிந்தது. நான்கு சுவர் அல்ல. அவளைச் சுற்றிப் பேசப்படும் பேச்சு. அதிலிருந்துதான் அவளுக்குக் கூரை.

தை பிறக்கும்போது அறை முடிந்தது. மஞ்சள் நன்றாகவே வந்திருந்தது. இரவில் யாரும் அதில் படுப்பதில்லை. நாலு பேரும் கூடத்தில், கொக்கியைச் சுற்றித்தான் தூங்குகிறோம். வெள்ளைக் கரடி ஒரு பக்கம் ஒட்டு விட்டுத் தொங்குகிறது. பகலில் அறையை உபயோகப்படுத்துகிறவள் மூத்தவள் ஒருத்திதான். பரணேறாமல் நடையில் மிஞ்சிய சிற்றிதழ்க் கட்டுகளை அவள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய், கதவுக்குப் பின்னால் மூன்று பக்கம் அடுக்கி, மேலே என் வேட்டியைப் போர்த்தி, உள்ளே உட்கார்ந்துகொள்கிறாள். நமது இயக்கத்தின் கனத்துக்கு இத்தனை நேரடியான பயன் இதற்கு முன் கிடைத்ததாக நினைவில்லை.

சிற்றில் என்பது இதுதான். ஆண்பால் பிள்ளைத்தமிழில் அது ஒரு பருவம். தெருமணலில் சிறுமிகள் வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவன் காலால் அதைச் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கட்டுபவர்கள் பெண்கள், பருவமும் பெயரும் சிதைக்க வருகிறவனுக்கு. எனக்குத் தெரிந்தவரை, வீட்டில் குழந்தை தனக்கே எடுத்துக்கொண்ட இடத்துக்குத் தமிழில் இருக்கும் ஒரே பழைய சொல் இது. அதைப் பெரியவர்கள் கட்டித்தர முடியாது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

போன வாரம் என் மனைவி இளையவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் புத்தகச் சுவருக்கு முன்னால் குனிந்து, "பாப்பாவுக்கு இடம் இருக்காடா?" என்று கேட்டாள். உள்ளிருந்து உறுதியாகப் பதில் வந்தது: "இல்ல. பாப்பா கிழிச்சிரும்." பொறாமை என்றார் மாமியார். இருக்கலாம். கட்டியவளுக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் தங்கையை அவள் மறுத்த காரணத்தைக் கவனித்தேன். இரண்டு மாதமாக அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் கூடத்தில் பேசப்பட்டவற்றில், அது பெண் என்பது கணக்கில் வராத முதல் வாக்கியம் அது.