வாசம் ஏறுவதற்கு முன்

ஜூன் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் போனால் செந்தூரா முடிந்திருக்கும். பெங்களூரா கூழ் ஆலைகளுக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கும். நான் போன தோப்பில் நீலம் பறிப்பு நடந்தது. இரண்டு மழை விழுந்தபின் பறிக்கும் நீலத்தில்தான் பழ ஈயின் வேலை அதிகம்.

மர நிழலில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்க் கூடையில் போட்டார். சிலதை மட்டும் பின்னால் கிடந்த சாக்கில் எறிந்தார்.

“எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?”

“நல்ல காய்னா காம்புகிட்ட பால் வாசம்தான் அடிக்கும் தம்பி. இது பாரு, தோல் பச்சையா இருக்கறப்பவே பழ வாசம். ஈ குத்தினது.”

கட்டைவிரலால் அழுத்தினார். ஊசிமுனை அளவு கரும்புள்ளி ஒன்றிலிருந்து சாறு துளிர்த்தது. கத்தியால் கீறிக் காட்டினார். தோலுக்கடியில் சதை பழுப்பேறி நீர்த்திருந்தது. வெள்ளைப் புழு ஒன்று உடலை வளைத்து, வில்லிலிருந்து விடுபட்டதுபோல் அவர் உள்ளங்கைக்குத் தாவியது. புளித்த கள் வாடை. அது ஈயின் வாடையல்ல. ஈ முட்டையிடக் குத்திய துளை வழியாகப் புகுந்த நுண்ணுயிர்கள் பழத்தின் சர்க்கரையைப் புளிக்கவைத்த வாடை.

பெண் ஈயை மரத்துக்கு அழைப்பதே பழத்தின் மணம்தான். மாம்பழ மணத்தில் காமா-ஆக்டலாக்டோன் என்றொரு பொருள் இருக்கிறது. தேங்காய் மணம் கொண்டது. பெண் ஈ முட்டையிட இடம் தேடும்போது பார்ப்பது இதைத்தான், இது கற்று வருவதல்ல, பிறவியிலேயே உள்ளது என்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2014இல் எழுதினார்கள்.

கிளைகளில் தண்ணீர் பாட்டில்கள் தொங்கின. உள்ளே மீத்தைல் யூஜினால் ஊறிய ஒட்டுப்பலகைத் துண்டு, அடியில் செத்த ஈக்கள். அத்தனையும் ஆண். பீகாரின் பூசாவில் இருந்த ஹவ்லெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர், சிட்ரனெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் மொய்ப்பதை 1912இல் எழுதினார். அந்த வழியில் கிடைத்ததுதான் இந்த மருந்து. துளசியிலும் இது உண்டு. ஆண்கள் குறைந்தால் முட்டை குறையும். ஆனால், ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈயைப் பாட்டில் என்ன செய்யும்?

அதனால்தான் பறிப்பை நடத்தும் மேஸ்திரி அவசரப்படுத்துகிறார். காம்பருகே காய் தோள் கட்டியதும் வலைத்துரட்டியோடு ஆள் இறங்கிவிட வேண்டும். “வாசம் வந்தப்புறம் பறிச்சா அது நமக்கில்லீங்க, ஈக்கு.” தூரத்துச் சந்தையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் முற்றுவதற்குள் பறித்த காய் அறையில் நிறம் மாறுமே தவிர மணம் முழுதாக ஏறாது. கடையில் வாங்கும் பழத்தில் வாசமே இல்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தக் குறையில் ஈக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன். ஒரு புழுகூட இல்லாத பழத்திலும்.

சாக்கில் சேர்ந்த சொத்தைக் காய்களை இரண்டடிக் குழியில் கொட்டி மண் மூடினார்கள். மேலே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பும். வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோப்பில் உதிர்ந்த பழங்கள் அப்படியே அழுகிக் கிடந்தன. குத்தகைக்காரர் பறித்துக்கொண்டு போய்விட்டாராம்.

“தோப்புக்காரர்கிட்ட சொல்லலாமே?”

“அவரு பெங்களூருல இருக்காருங்க. போன வருசமும் சொன்னோம்” என்றார் மேஸ்திரி, அடுத்த மரத்துக்குத் துரட்டியை எடுத்துக்கொண்டு.