இரு குறுவாள்களும் ஒரு தொப்பியும்

உரோமக் குடியரசின் வெள்ளி நாணயமான தெனாரியஸ் கி.மு. 211ஆம் ஆண்டளவிற் புழக்கத்துக்கு வந்தது. அச்சியந்திரம் தோன்றாத அக்காலத்தில், ஆள்வோரின் கருத்தைப் படைவீரன் கைக்கும் வணிகன் பைக்கும் கொண்டு சென்ற சாதனங்களுள் அதுவும் ஒன்றாகும். அச்சிறு வட்டத்துள் தெய்வங்கள் இருந்தன, முன்னோர் இருந்தனர், வாழும் உரோமன் எவனது முகமும் உரோம நகர நாணயங்களில் இடம்பெறவில்லை. தன் முகம் பொறித்தல் முடிமன்னர் வழக்கம். உரோமரோ முடியை வெறுத்தவர்.

கி.மு. 54இல் மார்க்கஸ் புரூட்டஸ் நாணயம் வெளியிடும் அதிகாரிகளுள் ஒருவனாயிருந்தான். அவன் வெளியிட்ட தெனாரியஸ் ஒன்றின் முன்புறத்தில் சுதந்திர தேவியாகிய லிபெர்ட்டாஸின் தலை காணப்படுகிறது. பின்புறத்தில், கடைசி அரசனைத் துரத்திக் குடியரசை நிறுவியவன் எனப் போற்றப்பட்ட பழைய புரூட்டஸ் காவலர் சூழ நடந்து செல்கிறான். அவனையே தன் குலமுதல்வனாக இளைய புரூட்டஸ் கொண்டாடினான்.

கி.மு. 44இல் யூலியஸ் சீசரின் முகம் உரோம நாணயத்தில் ஏறியது. அவ்வாண்டு மார்ச்சு 15ஆம் நாள், புரூட்டஸும் கசியஸும் உள்ளிட்டோர் அவனைக் குத்திக் கொன்றனர்.

பின்னர் கிழக்கே படை திரட்டிய புரூட்டஸ், கி.மு. 43-42 காலப்பகுதியில் வெளியிட்ட தெனாரியஸ் நாணயவியலாளரிடையே பெரும்புகழ் வாய்ந்தது. அதன் பின்புறத்தில் இரு குறுவாள்கள். அவற்றிடையே, விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. கீழே கொலை நிகழ்ந்த நாளின் பெயர். கொடுங்கோலன் வீழ்ந்தான், நாடு தளை நீங்கிற்று என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

ஆயினும் அந்நாணயத்தைத் திருப்பினால் லிபெர்ட்டாஸைக் காணோம். அவள் இருந்த இடத்தில் புரூட்டஸின் சொந்த முகம் இருக்கிறது! தாம் யாருக்காகப் போரிடுகின்றோம் என்பதைப் படைவீரர் அறிதல் வேண்டும் எனச் சமாதானம் கூறலாம். ஆனால் அதே போரில், அதே தேவையோடு நின்ற கசியஸ் தன் நாணயங்களில் லிபெர்ட்டாஸையே பொறித்தான். தன் முகத்தைப் பொறித்தானல்லன்.

கி.மு. 42இல் பிலிப்பிப் போர்க்களத்தில் இருவரும் தோற்று மாண்டனர். வென்றோரும் தம் முகங்களையே பொறித்தனர். பேரரசர் காலத்தில் அதுவே நியதியாயிற்று. சீசரைக் குறுவாள் வீழ்த்தியது. அவன் தொடக்கிவைத்த வழக்கமோ, வீழ்த்தியவன் கையிலேயே வளர்ந்தது. விடுதலையின் பெயரால் எழுவோர் எக்காலத்தவராயினும், அவர்தம் நாணயத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தல் நன்று.