மாருல கட்டி

எங்கள் பக்கத்தில் யாரும் 'மார்பகப் புற்றுநோய்' என்று சொல்வதில்லை. 'மாருல கட்டி' என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நான் சத்தமாகவே சொல்கிறேன். எனக்கு மாருல கட்டி. இடது பக்கம். 2025 செப்டம்பரில் தெரிந்தது. அப்போது எனக்கு 46 வயசு.

ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன தம்பி வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தான். "யக்கா, மூணும் நெகட்டிவ்னு போட்ருக்குக்கா. ஒண்ணும் இல்லக்கா!" கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்றுதானே பழகியிருக்கிறோம். அம்மா உடனே மாரியாத்தாளுக்குக் கற்பூரம் வாங்க ஆள் அனுப்பிவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார். கட்டியில் மூன்று பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கு ஆளுக்கொரு பூட்டு. ஹெர்-2 என்ற புரதம் மூன்றாவது. பூட்டு இருந்தால் அதற்கேற்ற சாவி உண்டு, மாத்திரையாகவோ ஊசியாகவோ. என் கட்டியில் மூன்றும் இல்லை. 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்று பேர். வேகமாக வளரும், சீக்கிரம் வேறு இடத்துக்குப் பரவும். 'அக்ரசிவ்' என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சந்தோஷப்பட்டதுக்கு அவனே வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. எனக்கு அவனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

இந்த ரகம் மேலை நாடுகளில் மாருல கட்டி வருகிற 100 பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் வருகிறது. இந்தியாவில் அதைவிட அதிகம். அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. இதைக் கேட்டபோது நோய்க்கும் ஆள் பார்க்கத் தெரியுமோ என்று நினைத்தேன்.

எங்கள் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் வந்தது. என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் பார்க்கவில்லையே. நெல்லிக்காய் அளவு இருந்தது தேங்காய் மூடி அளவு ஆகிற வரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நடவு நட்டது, களை எடுத்தது. புண் உடைந்து வாடை வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். "ஏன் பெரிம்மா சொல்லல?" என்று அழுதேன். "அத போயி எவங்கிட்டடி தொறந்து காட்டச் சொல்ற?" என்றது. மூணே மாசம். போய்விட்டது.

அப்போது அதை அறியாமை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதில் ஒன்று, இவர்களின் பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு உடம்பின் மேல்பாகத்தை மூடக் கூடாது என்பது. ஜே.எச். ஹட்டன் தன் புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலே நடந்தது. எங்கள் ஆயா சாகிற வரை ரவிக்கை போட்டதில்லை. பெரியம்மாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் ரவிக்கை போட்டது. அதுக்காக ஆண்டை வீட்டுக் களத்தில் கேலியும் ஏச்சும் வாங்கியது. அப்படி ஏச்சு வாங்கி மூடிய மாரை, முன்பின் தெரியாத ஆம்பளை டாக்டரிடம் எப்படித் திறக்கும்? மற்றவர்களுக்கு அது கூச்சம். பெரியம்மாவுக்கு அது சம்பாதித்த மானம். அந்த மானமே அதன் உயிரை வாங்கியது. இந்தக் கணக்கை எந்த ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டிலும் எழுத மாட்டார்கள்.

எனக்கும் அந்த இடம் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "துணிய எடும்மா" என்றார் பெரிய டாக்டர், என் முகத்தைப் பார்க்காமலே. நான் எடுக்கவில்லை. "தட்டி வைங்க சார். ரெண்டு பேரு மட்டும் நில்லுங்க. காட்டறேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு நர்சம்மா ஒன்றும் பேசாமல் தட்டியை இழுத்து மறைத்தார். அப்புறம் நானே ஊக்கைக் கழற்றினேன். மூடுவதும் எங்கள் இஷ்டம், திறப்பதும் எங்கள் இஷ்டம். பெரியம்மாவுக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியை நான் வாங்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்தால் வேறு பஞ்சாயத்து. "பிள்ளைக்குப் பால் குடுக்கலியா?" ரெண்டு பிள்ளைக்கும் மூணு வயசு வரை கொடுத்தவள் நான். "எந்த ஜென்மத்துப் பாவமோ." முன்ஜென்மப் பாவம் என்று சொல்லித்தானே எங்களைச் சேரியில் வைத்தார்கள். அதே கதையைக் கட்டிக்கும் சொல்கிறார்கள். எங்கள் ஆளுகளும் சொல்கிறார்கள், அதுதான் வலிக்கிறது. "வெளிய சொல்லாத, பொண்ணுக்கு வரன் வராது" என்றாள் நாத்தனார். என் மகள்தான் பதில் சொன்னாள்: "எங்கம்மாவுக்குக் கட்டின்னு பயப்படற வூட்டுக்கு நான் ஏன் போவணும் அத்த?"

ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞருக்கு 1978ல் ஒரு மார்பை எடுத்தார்கள். பொய் மார்பு வைத்துக்கொள்ள அவர் மறுத்தார். அது இல்லாமல் வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று மருத்துவரிடம் வேலை செய்த நர்சு கடிந்துகொண்டார். நோயையும் மறை, வெட்டிய இடத்தையும் மறை என்கிற உலகத்துக்குப் பதிலாக 1980ல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். 1992ல் இறந்தார். அவரைப் பற்றிக் கேட்டபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்தது.

எனக்கு முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன். சிவப்பு மருந்து நாலு சுற்று முடிந்தது. ஏற்றின அன்று மூத்திரமே சிவப்பாகப் போகும். முடி கொத்துக் கொத்தாக வந்தது, மொட்டை அடித்துக்கொண்டேன். இப்போது வாராவாரம் இன்னொரு மருந்து, 12 வாரம். விரல் நுனி மரத்துப்போய் கோலப்பொடி பிடிக்க முடியவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் பஸ் காசும் போன கூலியும் எந்த அட்டையிலும் வராது. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்கணும். மகள் கம்பெனியில் லீவு போட்டால் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள்.

பயம் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிறது. இந்த ரகம் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் வருமாம். அஞ்சு வருஷம் தாண்டினால் பயம் குறையுமாம். வேகமாக வளர்வதுதான் கீமோவுக்கு நன்றாகக் கரையும் என்றும், மருந்திலேயே முழுக்கக் கரைந்துவிட்டால் பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்றும் டாக்டரம்மா சொன்னார். முதலில் கோழி முட்டை அளவு இருந்தது. இப்போது கைக்குப் பட்டாணி மாதிரிதான் படுகிறது.

நான் சத்தமாகச் சொன்ன பிறகு தெருவில் மூன்று பெண்கள் இருட்டின நேரமாகப் பார்த்து வந்தார்கள். "இங்க தொட்டுப் பாருக்கா" என்றார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பேரையும் பஸ் ஏற்றி நானே கூட்டிப்போனேன். ரெண்டு பேருக்கு வெறும் கொழுப்புக் கட்டி. ஒருத்திக்குச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தட்டி வைக்கச் சொல்லி அவளே கேட்டாள், நான் சொல்லித்தரவில்லை. ரிப்போர்ட் வரட்டும். நெகட்டிவ் என்றால் என்ன அர்த்தம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.