குரோமுக்கு மேலே ஒரு கறுப்பு

அப்பாவின் காரை விற்கிறதென்று முடிவான கிழமை ஒரு புரோக்கர் வந்தார். காரை ஒருக்காச் சுற்றி நடந்தார். எஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முன் கிறிலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "குரோம் போட்டுது அண்ணை. பாத்தவுடன காரின்ர வயசு தெரியுது" என்றார். அப்பா சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். ஒருத்தி கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம். மற்றவன் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறவன். இரண்டு பேரும் படித்தது இந்தக் காரின் உழைப்பில்தான். பருத்தித்துறையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக ஹயர் ஓடி, வெளிநாட்டிலிருந்து வாற சனத்தை ஏற்றிக்கொண்டு விடியப் பிறகு வந்து இறங்குவார் அப்பா. 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு இந்தக் காருக்குள்ளேயே படுத்தார். அந்தக் காலத்து கியூ.ஆர். ஸ்ரிக்கர் இன்னும் கண்ணாடியில் அரைவாசி கிழிந்தபடி இருக்குது. இப்போது சீனி வருத்தம் கண்ணைத் தொட்டுவிட்டது. இரவு ஓட்டம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரவு ஓடாத ஹயர் காரால் என்ன பிரயோசனம்?

கார் 2003ஆம் ஆண்டுக் கரோலா, ஊரில் 121 என்றால் விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டாத விலை. அதால் பழசுக்கு இன்னும் மவுசு இருக்குது. அந்தப் பழசு பார்வைக்குப் பழசாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எங்களுக்கு குரோம் என்றாலே வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வரும். முழுகிவிட்டு வந்து, பழைய பெனியன் துண்டால் கிறிலையும் கதவுப் பட்டிகளையும் மினுக்குவார் அப்பா. கதவுப் பட்டி காரோடு வந்ததில்லை, பிறகு அவரே ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. "எயாப்போட்டில நிக்கேக்க கார் பளிச்செண்டு தெரியவேணும்" என்பார். ஆனால் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக் காத்து வருசக்கணக்காகக் குரோமைத் தின்று, ஊசியால் குத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாக ஆக்கிவிட்டது. சில இடத்தில் தோல் உரிந்து உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தெரிந்தது.

எங்கள் வயதுப் பெடியளுக்குக் குரோமே பிடிக்காது. யூடியூப் முழுக்க 'குரோம் டிலீட்' வீடியோக்கள்தான். மினுங்குகிற பாகத்தையெல்லாம் கறுப்பு வினைலால் மூடினால் கார் பத்து வயது குறைந்து தெரியும். கடையில் கொடுத்துச் செய்ய வசதியில்லை. "நாங்களே செய்வம்" என்றான் தம்பி.

முதல் தரம் பிழைத்துப் போனோம். என்னத்தில் பிழைத்தோம் என்று சொன்னால் வாசிக்கிற உங்களுக்கு உதவும்.

முதல் பிழை வினைலில். போர்டு எழுதுற கடையில் மலிவாகக் கிடைத்த கறுப்பு ஸ்ரிக்கரை இரண்டு மீற்றர் வாங்கினோம். அது உருளைகளுக்கு நடுவில் நசுக்கி இழுத்துச் செய்கிற வகை. வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். வாகனத்துக்கு வேண்டியது ஊற்றிக் காயவைத்துச் செய்கிற 'காஸ்ற்' வகை. அது மெல்லிசு, வளைவுகளுக்கும் மடியும், பெரிதாகச் சுருங்காது.

இரண்டாவது பிழை துப்பரவில். கொரோனாக் காலத்தில் மிஞ்சின சனிற்றைசரால் குரோமைத் துடைத்தோம். அல்கஹோல்தானே என்று நினைத்தோம். கை வறளாமல் இருக்க அதற்குள் கிளிசரின் போடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. அதற்குக் கீழே அப்பாவின் இத்தனை வருசத்து மெழுகுப் பொலிஷ் வேறு. நாலாம் நாள் பார்த்தால் கிறிலின் மூலைகளெல்லாம் வாழைப்பழத் தோல் மாதிரி எழும்பி நின்றன. அப்பா ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கழுவ உள்ளே போனார். பேச்சு வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாம் தரம் ஆறுதலாகச் செய்தோம். பாத்திரம் கழுவுற லிக்குயிட்டால் இரண்டு தரம் கழுவி, உரிந்து நின்ற குரோமைச் சுரண்டி, விளிம்புகளை மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். கையில் தட்டுப்படுகிற பள்ளமும் மேடும் வினைலுக்கு மேலாலும் தெரியும். வினைல் நிறத்தை மட்டும்தான் மறைக்கும். பிறகு ஐசோபுரோபைல் அல்கஹோலால், நூல் விடாத சீலையால் துடைத்தோம். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. காலை ஆறு மணிக்கே கொட்டிலுக்குள் தொடங்கினோம், ஏனெனில் வெயிலில் சுட்ட பாகத்தில் பசை உடனே பிடித்துவிடும், திருப்பி எடுக்கேலாது.

பட்டியின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் அரை சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டினோம். நடுவில் ஒட்டி, சீலை சுத்தின பழைய வங்கி அட்டையால் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போனோம். வளைவில் அக்காவின் ஹெயார் ட்றையரால் கொஞ்சமாகச் சூடு காட்டி மெதுவாக இழுத்தோம். கூட இழுத்தால் கறுப்பு வெளிறும், பிறகு திரும்பிச் சுருங்கும். மிஞ்சின விளிம்பைப் பட்டிக்குப் பின்னால் மடித்துச் செருகினோம். கத்தியைப் பெயின்ரில் வைத்து வெட்டவே கூடாது. கடைசியாக, இழுத்த இடங்களையும் ஓரங்களையும் 90, 100 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால்தான் வினைல் தன் பழைய உருவத்தை மறக்கும். ஹெயார் ட்றையருக்கு அது கஷ்டம். பக்கத்து ஒழுங்கை எலக்ட்ரீசியன் அண்ணையிடம் ஹீட் கன் இரவல் வாங்கினோம். பிளாஸ்டிக் உருகாமல் இருக்க அதை ஓரிடத்தில் நிப்பாட்டாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடித்த பிறகு இரண்டு நாள் தண்ணி காட்டவில்லை.

கிறிலும் கதவும் வடிவாக வந்தன. மிச்சம் டிக்கியில், நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற அலங்காரப் பட்டி. அதைக் கழற்றிச் செய்தால் ஓரம் நல்லாய் வரும் என்று உள்ளுக்குள் இருந்த நட்டுகளைக் கழற்றினோம். பட்டி கையோடு வந்தது. அதற்குப் பின்னால் டிக்கித் தகடு ஆணித் துளைகளைச் சுற்றிக் கறள் பிடித்துக் கிடந்தது. தம்பி ஸ்குரூ ட்றைவரால் தட்டினான். ஓரிடத்தில் முனை உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போட்டு இறுக்கினா ஆருக்கு அக்கா தெரியப்போகுது?"

"வாங்குறவனுக்கு அடுத்த மாரிக்குத் தெரியும்."

"அப்ப அது அவன்ர கார்."

அதற்குப் பதில் இல்லாமலில்லை. ஆனால் விலை குறைந்தால் குறையப்போவது அப்பாவின் கண்ணுக்கு வைத்த காசு. பதில் வாயில் வரவில்லை. கறளைச் சுரண்டி, பிறைமர் அடித்து, காய்ந்தவுடன் கறுப்புப் பட்டியை மேலே போட்டு இறுக்கினோம். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அன்று இரவு நித்திரை வராமல் போனில் குரோமைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். அலங்காரக் குரோம் என்று நாங்கள் பார்க்கிற படை ஒரு மைக்ரோனைக்கூட எட்டாது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றையும்விட மெல்லிசு. கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு, அடியில் வெறும் பிளாஸ்டிக். அதைப் பார்க்கிறவர்களுக்கு இரும்பு என்று தோன்றவேணும் என்பதற்காகப் பூசினது. அப்ப, மூடினது நாங்கள் மட்டும் இல்லை. தொழிற்சாலையும் மூடித்தான் அனுப்பியிருக்குது. "பாத்தியா?" என்றான் தம்பி, வழக்கு வென்றவன் மாதிரி. ஆனால் வெல்லவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கிறில் பிளாஸ்டிக் என்பதை ஒருவரும் ஒளிக்கவில்லை, கேட்டால் சொல்லுவார்கள். டிக்கிக் கறளைக் கேட்க ஒருவருக்கும் தோன்றாது. எங்கள் நம்பிக்கையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வந்தார். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள், மனைவியும் கூட வந்திருந்தா. காரைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. "கறுப்பு நல்லாக் கிடக்கு ஐயா, எங்க செய்தனீங்கள்?" என்று கேட்டார். "பிள்ளையள் செய்தது" என்றார் அப்பா. எங்களுக்கு உள்ளே குளிர்ந்தது.

பிறகு அப்பா அவரைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார். உள் மூடியின் விரிப்பை இழுத்துக் காட்டினார்.

"தம்பி, இந்தப் பட்டிக்குப் பின்னால கறள் இருக்கு. மாரிக்கு ஈரம் வரும். பிள்ளையள் பிறைமர் அடிச்சிருக்கினம், ஆனா தகடு வெட்டி ஒட்டத்தான் வேணும். அதைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவருக்கு எத்தனையோ மாரியாகத் தெரியும். நாங்கள் அடித்த பிறைமர் உள்பக்கம் வழிந்திருந்ததையும் கண்டிருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்கள் சொல்லுவோமா என்று பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. இன்னும் கேட்கவில்லை.

வந்தவர் மனைவியோடு கொஞ்சம் தள்ளிப்போய்க் கதைத்தார். "பிறகு கோல் எடுக்கிறன் ஐயா" என்றுவிட்டுப் போனார். இதை எழுதும்போது பல நாள் ஆகிவிட்டது. கோல் வரவில்லை. புரோக்கருக்கு எங்கள் அப்பாவில் கோபம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் கொஞ்சம் கோபம்தான். தகட்டு வேலைக்குத் தம்பி விலை கேட்டு வந்திருக்கிறான். அதைச் செய்துவிட்டு விற்பம் என்கிறான்.

நேற்று வெள்ளிக்கிழமை. அப்பா முழுகிவிட்டுப் பெனியன் துண்டோடு காரடிக்கு வந்தார். கிறிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மினுக்க ஒன்றும் இல்லை.

"இதை எதால துடைக்கிறது?" என்று கேட்டார்.

"ஈரச் சீலை போதும் அப்பா. மெழுகு போடக்கூடாது" என்றோம்.

துடைத்தார்.