பூனை முடியும் அம்மாவின் தொய்வும்

புரொண்பியில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் இரண்டே குடும்பம். அதில் ஒன்று நாங்கள். மகள் பத்து வயதில் அழுது பிடித்து வாங்கிய வெள்ளைப் பூனை, இப்போது ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது பூனையைப் பற்றி அல்ல, அதன் முடியைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்த முடியால் எங்கள் வீட்டில் சண்டை, அழுகை, டொக்டர் எல்லாம் வந்து போயிருக்கிறது.

முதலில் சொல்லிலேயே சங்கடம். ஊரில் மயிர் என்றால் மயிர்தான். ஆனால் அதே சொல் சண்டையிலும் வரும். மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில், வீட்டுக்கு வந்த ஒரு மாமாவிடம், "மாமா, உங்கட காற்சட்டையில மயிர்" என்று சொல்லிவிட்டாள். மனுசன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "முடி". ஒரு முடி விழுந்தாலே உயிரை விடுமாம் என்று நாங்கள் பள்ளியில் படித்த கவரிமான் வேறு. எங்கட பூனை அந்த வம்சம் இல்லை.

ஊரிலும் நாய் பூனை இருந்ததுதானே, அங்கே ஏன் இந்தப் பிரச்சினை இல்லை என்று கேட்பீர்கள். அங்கே நாய் முற்றத்தில் படுத்தது. பூனை அடுப்படிச் சாம்பலில் சுருண்டது. கதவு யன்னல் எல்லாம் திறந்தபடி, காற்று வந்து போகும். அம்மா காலையில் முற்றம் கூட்டுவதோடு எல்லாம் போய்விடும். இங்கே ஐப்பசி தொடங்கினால் சித்திரை வரை யன்னல் பூட்டு. ஹீற்றர் போட்டதும் அறைக் காற்று காய்ந்துவிடும். காய்ந்த காற்றில் துணியோடு முடி உரசினால் மின்னேற்றம் பிடித்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். பூனை முடி கொட்டுவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது. கொப்பன்ஹேகனில் மார்கழியில் பகல் சுமார் 7 மணித்தியாலம், ஆனியில் 17 மணித்தியாலத்துக்கு மேல். ஆனால் வீட்டுக்குள் எந்நேரமும் லைற் எரிவதால், வீட்டுப் பூனை வசந்தம், இலையுதிர்காலம் என்று பார்க்காமல் வருடம் முழுக்கக் கொட்டும்.

நான் வேலை செய்வது ரெஸ்ரோறன்ற் குசினியில். உடுப்பு முழுக்கக் கறுப்பு. பூனையோ வெள்ளை. டென்மார்க்கில் 2001 முதல் உணவுக் கட்டுப்பாட்டாளர்கள் வந்து பார்த்துவிட்டு எழுதும் அறிக்கையை, சிரிக்கும் அல்லது அழும் முகத்தோடு, வாசலில் எல்லோரும் பார்க்க ஒட்டவேண்டும். ஒரு தட்டில் ஒரு முடி கிடந்தால் அது ஆருடையது என்று பரிசோதனைக்கு அனுப்பமாட்டார்கள். குசினியில் நிற்கும் எங்கட கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனால் வேலை உடுப்பை வீட்டில் நான் போடுவதே இல்லை. சிப் வைத்த பையில் கொண்டு போய் அங்கேதான் மாற்றுவேன்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. 2023 ஐப்பசியில் அம்மா 3 மாத விசாவில் வந்தபோதுதான் உண்மையான சோதனை. அம்மாவுக்கு நெடுங்காலத் தொய்வு. நாலாம் நாள் இரவே முட்டத் தொடங்கிவிட்டது. சொந்தக்காரர் எல்லாம் ரெலிபோனில் ஒரே தீர்ப்பு: "பூனையை ஆருக்கும் குடு." மகள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடவில்லை. பெற்ற தாயா, பெற்ற பிள்ளை வளர்த்த பூனையா என்று நான் நடுவில்.

டொக்டர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விசயம் விளங்கியது. முன்பு யாழ். பல்கலைக்கழகத்தில் விலங்கியலை அரைகுறையாகப் படித்தவன்தான் நான். அங்கே இதைப் படிக்கவில்லை. தொய்வைக் கிளப்புவது முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஃபெல் டி 1 என்ற புரதம். பூனை தன்னை நக்கும்போது அது முடியில் பூசப்படும். முடி அதை வீடெல்லாம் காவிக்கொண்டு போகும். சுவரிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்ளும். பூனையை இன்றைக்கே அனுப்பினாலும் அது வீட்டில் குறைய 4 முதல் 6 மாதம் வரை எடுக்குமாம். அம்மாவின் விசா 3 மாதம். ஆக, பூனையைத் துரத்தி மகளை அழ வைத்தாலும் அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. சுத்தம் செய்வது ஒன்றுதான் வழி.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஆருக்கும் உதவும்.

அம்மாவின் அறைக்குள் பூனை போகக்கூடாது. அங்கிருந்த கம்பளத்தைத் தூக்கினோம், திரைச்சீலையைத் தோய்த்தோம், படுக்கை விரிப்பை வாராவாரம் மாற்றினோம். வரண்ட தும்புத்தடியால் கூட்டுவதை நிறுத்தினோம். அது புரதத்தைக் காற்றில் கிளப்பிவிடும். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

செற்றிக்கு, பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையைக் கொஞ்சம் நனைத்து ஒரே பக்கமாக வழிக்கவேண்டும். முடி உருண்டு திரண்டு வரும். கம்பளத்துக்கு யன்னல் கண்ணாடி வழிக்கும் இறப்பர் தடி. வக்கூம் கிளீனர் விட்டுப்போனதைக்கூட அது இழுத்தெடுக்கும்.

உடுப்பை நேராகத் தோய்க்கும் மெசினில் போடாதீர்கள். நனைந்த முடி துணியோடு அப்பிவிடும். முதலில் காயவைக்கும் மெசினில் குறைந்த சூட்டில் 10 நிமிடம் சுழல விட்டால் முடி வடியில் சேரும். பிறகு தோய்க்கலாம். எங்கள் கட்டடத்தில் வஸ்கரி பொது. அந்த வடியைத் துப்புரவாக்கிவிட்டு வராவிட்டால், அடுத்த வீட்டு டேனிஸ் மனுசி எழுதி ஒட்டிவிடுவா.

ஒட்டும் உருளை, 1956இல் நிக்கலஸ் மக்கே என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது, வாசலில் கடைசி நேரத்துக்கு மட்டும்தான். அதால் வீட்டைத் துப்புரவாக்கப் போனால் சம்பளம் காணாது.

எல்லாவற்றிலும் முக்கியம், பூனையை நாள்தோறும் பல்கனியில் வைத்துச் சீவுவது. சீப்பில் வந்த முடி செற்றிக்கு வராது. அந்த வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள், தைமாதக் குளிரிலும்.

அம்மாவின் தொய்வு முற்றாக நின்றது என்று பொய் சொல்லமாட்டேன். டொக்டர் தந்த பம்ப் தொடர்ந்து தேவைப்பட்டது. ஆனால் இரவில் நித்திரை கொள்ளக்கூடிய அளவுக்கு வந்தது. கடைசிக் கிழமைகளில் பேத்தி சீவும்போது கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "அந்த வயித்துப் பக்கம் விட்டிட்டாய் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருப்பா.

வீட்டில் தொய்வுக்காரர் நிரந்தரமாக இருந்தால் பூனை வேண்டாம், அது என் கருத்து. மற்றவர்கள், பிள்ளை பூனை கேட்டால் "அசிங்கம்" என்று ஒரே சொல்லில் வாயை மூடாதீர்கள். இந்த நாட்டில் வீட்டுக்குள் பூட்டிக்கிடக்கும் பிள்ளைக்கு அது ஒரு துணை. ஆனால் முடியைத் துப்புரவாக்கும் வேலையைத் தாயின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். பூனை வர முதலே சீப்பையும் கையுறையையும் வாங்கி, கேட்ட பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் அது வேண்டும் என்று நின்றால் வாங்கிக் கொடுக்கலாம்.