செலொப்பியாத்தின் புதல்வியரும் நீலாவணைத் தாய்மாரும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை கல்லாற்றைக் கடந்ததும் பெரியநீலாவணையை அடைகின்றது. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயல்வெளியும். ஊரின் தென்னெல்லையைத் தாண்டினால், கைத்தறி நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊராகிய மருதமுனை. வடக்கே கல்லாற்றில் மெதடிஸ்த திருச்சபையைச் சார்ந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே ஆபிரகாம் என வழங்கும் பெயர் மருதமுனையில் இப்றாகீம் ஆகின்றது. அங்கே யாக்கோபு, இங்கே யாக்கூப். அங்கே தாவீது, இங்கே தாவூத். இடையிலுள்ள நீலாவணையிற் கோயில் மணியோசை கேட்கின்றது. பாலைநிலத்து எபிரேயரின் பழம்பெயர்கள் இவ்வாறு ஒரு தமிழ்க் கிராமத்தின் இருபுறத்தும், நடந்து செல்லக்கூடிய தூரத்தில், இன்றும் உயிரோடு உலவுகின்றன.

எபிரேயர் மறையிற் பெயர் என்பது அழைப்பதற்கான ஒலி மாத்திரமன்று. நிகழ்ந்த ஒன்றின் நினைவுமாகும். முதுமையிற் பிள்ளைப்பேறு கிட்டும் என்று கேட்டுச் சாராள் நகைத்தாள். பிறந்த மகனுக்கு ‘நகைப்பு’ எனப் பொருள்படும் ஈசாக்கு என்பது பெயராயிற்று. அவளது கொடுமையைத் தாளாது வனாந்தரத்திற்கு ஓடிய எகிப்திய அடிமைப்பெண் ஆகாரின் துன்பத்தை இறைவன் கேட்டான். அவள் மகனின் பெயரே ‘இறைவன் கேட்கின்றான்’ என்பதாயிற்று. மருதமுனையில் ஒரு தாய் தன் மகனை இஸ்மாயில் என்று அழைக்கும்போதெல்லாம், அடிமைப்பெண் ஒருத்தியின் அழுகை கேட்கப்பட்டது என்ற செய்தியை, அறிந்தோ அறியாமலோ, மீண்டும் மொழிகின்றாள்.

ஆயினும், இம்மறையின் வமிசப் பட்டியல்கள் படிப்போர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதிகளாகும். தந்தை, மகன், மகனின் மகன் என அவை நீண்டு செல்கின்றன. தாயரின் பெயர்கள் அவற்றில் அரியன. எண்ணாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரத்தில் வரும் குடிமதிப்பும் அத்தகையதே. போருக்குச் செல்லத்தக்க, இருபது வயதும் அதற்கு மேலுமான ஆடவரே அதில் எண்ணப்பட்டனர், தொகை 601,730. வாக்களிக்கப்பட்ட நாடு அப்பட்டியலின்படியே பங்கிடப்படும் என்பது கட்டளை. பட்டியலில் இல்லாதவருக்கு நிலமுமில்லை.

அப்பட்டியலின் நடுவே ஓர் இடறல் நேர்கின்றது. மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத் என்பவனுக்கு ஆண்மக்கள் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் எனும் ஐந்து புதல்வியரே இருந்தனர். அடுத்த அதிகாரத்தில் அவ்வைவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலில், மோசேயும் ஆசாரியனும் தலைவரும் சபையார் அனைவரும் காண நின்று, ஆண்மகன் இல்லாத காரணத்தாற் தம் தந்தையின் பெயர் அற்றுப்போவது முறையோ என வினவித் தமக்கும் பங்கு கேட்கின்றனர். சட்டம் தந்த மோசேயிடம் அவ்வினாவுக்கு விடையில்லை. அவன் விடையுண்டு எனப் பாவனை செய்யவுமில்லை. வழக்கை இறைவன் முன் கொண்டுசென்றான். பெண்கள் கூறுவதே நியாயம் என்பது கிடைத்த தீர்ப்பு. ஐவரின் பெயர்களும் மறையில் நான்கு இடங்களில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப்படுகின்றன. யோசுவாவின் காலத்தில் நிலமும் அவர்கள் கைக்கு வந்தது.

இவ்விடத்து மற்றொன்றும் நோக்கற்பாலது. மனாசே என்னும் பெயருக்கு ‘மறக்கச் செய்பவன்’ என்பது பொருள். தான் பட்ட துன்பத்தையும் தந்தையின் வீட்டையும் இறைவன் மறக்கச் செய்தான் என்று கூறி யோசேப்பு தன் மூத்த மகனுக்கு இட்ட பெயர் அது. மறதியின் பெயரைத் தாங்கிய கோத்திரத்திலிருந்தே, பெயர் மறக்கப்படலாகாது என்று கேட்ட பெண்கள் எழுந்தனர்.

இவ்வழக்கு மட்டக்களப்புத் தமிழகத்தில் எழுந்திருப்பின் அதன் போக்கு வேறாயிருக்கும். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதலிய நூல்கள் விரித்துரைக்கும் குடிமுறை இங்குத் தாய்வழிப்பட்டது. பிள்ளை தந்தையின் குடியைச் சார்வதில்லை. தாயின் குடியையே சார்கின்றது. வயிற்றுவார் என்பது அவ்வழிக்கு முன்னோர் இட்ட பெயர். ஒரே குடியார் தமக்குள் மணஞ்செய்தல் ஆகாது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். கோயிற் திருவிழாக்கள் குடிவாரியாகப் பங்கிடப்படுகின்றன. முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்களிலே குடிக்கொருவராக மரைக்காயர் அமர்ந்த வழக்கும் உண்டு. சமயம் வேறாயினும் வயிற்றுவார் ஒன்றே. செலொப்பியாத்தின் மகளிர் ஆண்மகன் இல்லாத இடத்திலேயே பங்கு பெற்றனர். இக்கரையிலோ உடன்பிறந்தான் இருப்பினும் வீடு அவளதே.

2004 டிசெம்பர் 26ஆம் நாட் காலை கடல் ஊருக்குள் வந்தது. பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் கரையோர வீடுகள் வரிசை வரிசையாக அழிந்தன. மாண்டோர் பலர், பெண்களும் சிறுவருமே மிகுதி. உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் நீரோடு போயின. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது எனத் தொடக்கத்தில் விதிக்கப்பட்டமையால், தாய் தந்த வளவை விட்டு வேறிடத்தில் வீடு பெறவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. புதிய வீட்டுக்கான படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ யார் என வினவின. அவ்விடத்திற் கணவனின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது.

மகளை இழந்து, மருமகனோடும் பேத்தியோடும் தங்கியிருந்த ஒரு மூதாட்டியிடமும் அவ்வினா வந்தது.

“இது என்ட அம்மா எனக்குத் தந்த வளவு, தம்பி. அவவுக்கு அவட அம்மா குடுத்த. நான் மகளுக்குக் குடுத்தன். இனி அது பேத்திக்கு. நீங்க மருமகன்ட பேரைக் கேக்கிறீங்க. அவர் நல்லவர்தான். ஆனா அவர் இந்த வளவுக்கு வந்தவர்.”

“படிவத்தில அப்பிடித்தான் அம்மா இருக்கு,” என்றார் எழுத வந்த இளைஞர்.

அவர் மீது குற்றமில்லை. படிவத்திற் பெண்களுக்கு ஒரு வரி இருக்கவில்லை, அவ்வளவே. அன்று மருமகனின் பெயரே எழுதப்பட்டது. அவ்விரவு மூதாட்டி தன் தாயின் பெயரையும், தாயின் தாய் பெயரையும், அவளைப் பெற்றவள் பெயரையும் சொல்லச் சொல்லப் பேத்தி ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினாள். கடைசியாக, கடல் கொண்ட தன் தாயின் பெயரைத் தானே கேளாமல் எழுதினாள்.

எபிரேயரும் இத்தகைய நாளைக் கண்டவர்களே. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியோரின் பட்டியலை எஸ்றாவின் நூல் தருகின்றது. அவர்களுள் ஓர் ஆசாரியக் குடும்பத்தின் முன்னோன், பர்சிலாய் என்பானின் மகளை மணந்து, மனைவி வீட்டாரின் பெயரையே தனதாக்கிக் கொண்டவன். அக்குடும்பத்தார் தம் வமிச அட்டவணையைத் தேடினர், கிடைக்கவில்லை, ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டனர். ஏடு இல்லாமையால் ஆள் இல்லாதவனாகிவிடும் கொடுமை பழையது. ஆகவே வமிசப் பட்டியலைக் கொண்டாடுவோர் அது தள்ளிவிடுவோரையும் நோக்குதல் வேண்டும்.

குடிமுறையும் இவ்வுண்மைக்கு விலக்கன்று. இன்ன குடி உயர்ந்தது, இன்ன குடிக்கே முதல் மரியாதை என்ற பூசல்கள் கோயில் வாயில்களை அடைத்த காலங்கள் உண்டு. தாயரின் பெயரைக் காக்கும் அதே முறை, குடி கேட்டு மனிதரை அளக்கும் கோலாகவும் பயன்பட்டிருக்கின்றது. செலொப்பியாத்தின் மகளிர் பெற்ற தீர்ப்பும் முடிவில் எல்லையிடப்பட்டது. நிலம் பிற கோத்திரத்துக்குப் போகாதிருக்கும் பொருட்டு அவர்கள் தம் கோத்திரத்தாரையே மணக்கவேண்டும் என முதியோர் வாதிட்டு வென்றனர். முழு நீதி எப்பட்டியலிலும் இல்லை.

அவ்வாறாயின் பெயர்களும் வமிசங்களும் கற்பிப்பது யாது? குலப்பெருமையை அன்று. பட்டியல் வாசிக்கப்படும்போது அதில் இடம்பெறாது வெளியே நிற்பவர் எவர் என்று கேட்கும் பழக்கத்தையே அவை கற்பிக்கின்றன. ஆகாரின் அழுகை கேட்கப்பட்டது. ஆதலின் இஸ்மவேல் என்னும் பெயர் உண்டாயிற்று. ஐந்து பெண்களின் வினா கேட்கப்பட்டது. ஆதலின் சட்டம் திருத்தப்பட்டது. விடை அறியாத இடத்து மோசே வழக்கைத் தள்ளிவிடாமற் சுமந்து சென்றான். படிவம் எழுதுவோரும், குடி பேசுவோரும், நாளை அலுவலகங்களில் அமரப்போகும் மாணவரும் அவனிடம் கற்கவேண்டியது அதுவே.

அந்த அப்பியாசக் கொப்பி எந்தக் கந்தோரிலும் செல்லுபடியாகாது. அதில் முத்திரையுமில்லை, ஒப்பமுமில்லை. ஆனால் பேத்தி அதை உறுதிகள் வைக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கின்றாள்.