தறியேறிய பூக்கூடை

பிரான்சின் லியோன் நகரில் டெரோ சதுக்கத்தின் தென்புறம் முழுவதையும் அடைத்து நிற்கிறது சேன் பியர் மாளிகை. 17-ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாகக் கட்டப்பட்டது. இன்று நுண்கலை அருங்காட்சியகம். அதன் சேகரிப்பில் ஒரு பிரம்புக் கூடை இருக்கிறது, பழங்களும் பூக்களும் நிரம்பியபடி. அந்துவான் பெர்ஜோன் 1810-ல் வரைந்த ஓவியம்.

வரவேற்பறைச் சுவருக்கான அலங்காரம் என்று நினைத்தால் தவறு. லியோனில் பூ வரைவது ஒரு தொழில். ஊர் பிழைத்ததே பட்டில்தான். பட்டுக்கு ஆண்டுதோறும் புதுப் பூ வேண்டும். அதனால்தான் 1807-ல் இதே மாளிகையில் தொடங்கிய கலைப்பள்ளியில் பூ வரையத் தனி வகுப்பு. 1814-ல் இங்கே பூ ஓவியங்களுக்கென்றே ஓர் அறை ஒதுக்கப்பட்டதும் பட்டு டிசைன் போடுகிறவர்கள் பார்த்துப் பழகத்தான்.

பட்டு டிசைனராக இருந்த பெர்ஜோன் அந்த வகுப்பின் ஆசிரியரானார். ஆனால் மனிதர் பட்டுக்கு அடங்கவில்லை. 1819-ல் அவர் வரைந்த ஒரு படத்தில் பூக்களோடு கிளிஞ்சல்களும் ஒரு சுறாத் தலையும் கிடக்கின்றன. எந்தச் சீமாட்டி சுறாத் தலை போட்ட கவுன் அணிவாள்? படம் இப்போது அமெரிக்காவில், பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்ஜோனின் ஆசிரியர் வேலை 1823-ல் போயிற்று.

தாளில் இருக்கும் ரோஜா தறிக்குப் போவது சுலபமல்ல. முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் பெரிதாக வரைய வேண்டும். பாவும் ஊடையும் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். துளை இருந்தால் பாவு நூல் எழும்பும். இல்லையென்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரு பூவுக்கு நூற்றுக்கணக்கில் அட்டைகள் தேவைப்படலாம். லியோன்காரரான ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. காஞ்சிபுரத்திலும் பனாரஸிலும் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

மாளிகையிலிருந்து வடக்கே செங்குத்தாக ஏறினால் குவா ரூஸ் குன்று. நெசவாளர் குடியிருப்பு. ஜக்கார்டு தறி உயரமானது என்பதால் வீடுகளின் கூரை சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டிடங்களை ஊடுருவிச் செல்லும் மூடிய சந்துகள் வழியே பட்டை மழையில் நனையாமல் கொண்டுபோக முடிந்தது.

தறி நெசவாளியுடையது. நூலும் டிசைனும் வியாபாரியுடையவை. கூலியைத் தீர்மானிப்பதும் வியாபாரிதான். நம் நெசவாளர்களுக்கும் பழக்கமான ஏற்பாடு. 1831-ல் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்று பேசி முடிவானது. வியாபாரிகளில் பலர் அதைத் தர மறுத்தார்கள். நவம்பரில் நெசவாளர்கள் குன்றிலிருந்து இறங்கி வந்து நகரையே கைப்பற்றினார்கள். சில நாட்களில் ராணுவம் வந்தது. கூலி ஒப்பந்தம் ரத்தானது. 1834-ல் மீண்டும் கிளர்ச்சி. இந்த முறை பீரங்கிகள் பேசின. சாவு நூற்றுக்கணக்கில்.

பெர்ஜோனின் கூடை இன்னும் வாடவில்லை. குன்றின் மேல் தறிச் சத்தம்தான் அநேகமாக ஓய்ந்துவிட்டது. நெசவாளர் வீடுகளுக்கு மட்டும் இப்போது ஏகக் கிராக்கி. காரணம், அந்த உயரமான கூரை.